உள்ளங்கை உரைக்கும் மன்னிப்பு



தமிழில் கைகலப்பு என்றால் சண்டை. கைகொடுத்தல் என்றால் உதவி. கைவிடுதல் என்றால் துறத்தல். கை ஒன்றே, அது செய்வதற்கு ஏற்பப் பொருள் மாறுகிறது. இஸ்லாமிய நெறியில் கையைப் பற்றிய இத்தகைய சொல் ஒன்று உண்டு. அதுவே முஸாபஹா.

இதனைக் கைகுலுக்கல் என்று மொழிபெயர்ப்பது வழக்கம். ஆனால் மூலச் சொல்லில் குலுக்குதல் இல்லை. உள்ளங்கையோடு உள்ளங்கை பொருந்துதலே அதன் பொருள். அதே வேரிலிருந்து பிறந்த மற்றொரு அரபுச் சொல், பிறர் குற்றத்தைப் பாராட்டாது விடுதலைக் குறிக்கும். கை பொருந்துவதும் குற்றம் பொறுப்பதும் ஒரே வேரில் கிளைத்திருப்பது எண்ணத்தக்கதன்றோ?

இரு முஸ்லிம்கள் சந்தித்துக் கைபற்றினால், அவர்கள் பிரியுமுன் அவர்தம் பிழைகள் மன்னிக்கப்படும் என்பது நபிமொழி ஒன்றின் கருத்து. நபிகள் நாயகம், கைகொடுத்தவர் தம் கையை விடுவிக்கும் வரை தாம் விடுவிக்கமாட்டார் என்றும் ஹதீஸ் நூல்கள் கூறும்.

கி.பி. 630-இல் நிகழ்ந்த தபூக் படையெடுப்பில் கஅப் இப்னு மாலிக் என்னும் தோழர் கலந்துகொள்ளவில்லை. வேறு பலர் பொய்க்காரணம் கூறித் தப்பினர். அவரோ உண்மையை ஒப்புக்கொண்டார். அவரோடும், அவரைப் போன்ற இருவரோடும் எவரும் பேசலாகாது என்று நபிகள் ஆணையிட்டார். ஐம்பது நாட்கள் ஊரே வாய்மூடியிருந்தது. மன்னிப்பு வந்த நாளில் கஅப் பள்ளிவாசலுள் நுழைந்தபோது, தல்ஹா என்பவர் எழுந்து விரைந்து வந்து அவர் கையைப் பற்றி வாழ்த்தினார். அந்தக் கையைக் கஅப் தம் வாழ்நாளில் மறக்கவில்லை.

அது நபிகளின் ஆணையால் வந்த தண்டனை. தனிமனிதர் பிணக்குக்கோ மூன்று நாளே எல்லை. அதற்குமேல் சகோதரனோடு பேசாதிருத்தல் ஆகாது; முதலில் ஸலாம் உரைப்பவரே இருவரிலும் மேலானவர். ஒரு கையாலா, இரு கைகளாலா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் முதலில் நீளும் கை உயர்ந்தது எனக் கொள்ளலாம்.

மூன்று நாள் எல்லை ஏன் என்பதைச் சாம்பியன் ரீப்ஸ் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோலார் தங்கவயலில் உள்ள அச்சுரங்கம் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழர் அங்கே உழைத்தனர். பாறை வெடித்துச் சரிவது முன்னறிவிப்பின்றி நிகழும். கூண்டேறி இறங்குபவன் மீண்டும் மேலே வருவான் என்பதற்கு உறுதி ஏது? அத்தகைய இடத்தில் பகையை வைத்திருக்க மூன்று நாளும் நெடிய தவணையே.

2001 பிப்ரவரி 28-இல் தங்கவயற் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவ்வூர் மக்களில் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மில் எத்தனை பேர், சொத்துக்காகவோ ஒரு சொல்லுக்காகவோ, உடன்பிறந்தாரோடு ஆண்டுக்கணக்கில் பேசாதிருக்கிறோம்! தொலைபேசி குரலைக் கொணரும்; உள்ளங்கையின் வெம்மையைக் கொணராது. எச்சமயத்தவராயினும், அடுத்த முறை ஊர் செல்லும்போது நம் கை முதலில் நீளட்டும். நீண்ட கை விரைந்து விலகாதிருக்கட்டும்.