குடத்துக்குச் சட்டம், குழாய்க்கு ஓட்டை!
(ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் மோட்சத்தைப் பற்றியதல்ல. தெருக் குழாயைப் பற்றியதாகும். மோட்சத்துக்கு வழி காட்ட நம் நாட்டில் ஆள் ஏராளம். குழாயைச் செப்பனிடத்தான் ஆளைக் காணோம்.

2019-ம் வருஷம் ஜூன் மாதத்தில் சென்னைக்கு நேர்ந்த கதி உங்களுக்குத் தெரியும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் நிரம்பினால் 11,000 மில்லியன் கன அடிக்கு மேல் தண்ணீர் நிற்கும். அவை நான்கும் ஏறக்குறைய வறண்டு போயின. உடனே மழை வேண்டிக் கோயில்களில் யாகம் நடத்தினார்கள். ஆனால், ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. யாகத்தில் நம்பிக்கை இருந்தால் ரயில் எதற்கு? ரயிலில் நம்பிக்கை இருந்தால் யாகம் எதற்கு? இதைத்தான் நாம் கேட்கின்றோம்.

அன்றியும், இதே நகரம் 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிற்று. நான்கு வருஷத்திற்குள் வெள்ளமும் பஞ்சமும் ஓர் ஊருக்கே வருமானால், பழி முழுவதையும் வானத்தின் மேல் போடுவது யோக்கியமாகுமா?

நிற்க, இப்போது நடக்கும் வாதம் என்னவென்றால், “ஜனங்கள் தண்ணீரை வீணாக்குகிறார்கள், கட்டுப்பாடு வேண்டும்” என்பது ஒரு கட்சி. “பழைய குழாயை மாற்றாமல் எங்களை அதட்டுவதேன்?” என்பது மறு கட்சி. சிக்கனத்திற்கு நாம் விரோதியல்ல. 2003-ல் எல்லாக் கட்டிடங்களிலும் மழை நீரைச் சேமிக்க வேண்டுமென்று சட்டம் செய்ததை நல்ல காரியமென்றே சொல்லுகின்றோம். ஆனால், வெட்டின குழியை வருஷந்தோறும் தூர் வாராவிட்டால் அது குழியல்ல, சட்டத்திற்குக் கட்டின சமாதி.

குடத்தை வரிசையில் வைத்து விடியற்காலம் முதல் காத்திருக்கும் தாய்மாரைப் பார்த்துச் “சிக்கனமாயிரு” என்பதில் என்ன அர்த்தமிருக்கிறது? எட்டுக் குடத்தில் ஒரு குடும்பத்தை நடத்துகிறவளுக்கா சிக்கனம் கற்பிப்பது? ஆழ்குழாய்க் கிணறும் மோட்டாரும் உடையவன் எவ்வளவு இறைத்தாலும் கேட்பாரில்லை. அளக்க மீட்டரே இல்லாத வீட்டில் வீணானது எவ்வளவென்று யாருக்குத் தெரியும்?

இனி, பூமிக்கடியில் நடப்பதைக் கவனியுங்கள். கீழ்ப்பாக்கம் நீர் நிலையம் 1914-ல் ஏற்பட்டது. நூறு வருஷத்திற்கு மேற்பட்ட ஏற்பாட்டோடு புதுக் குழாயும் பழங் குழாயுமாகச் சேர்ந்துதான் நகரம் தண்ணீர் குடிக்கிறது. இரும்பு துருப்பிடிக்கும், மூட்டு விட்டுப்போகும், நல்ல தண்ணீர் மண்ணுக்குள் போகும். அதோடு நின்றாலும் பாதகமில்லை. சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விட்டு நிறுத்தினால் குழாய் காலியாகிறது. காலிக் குழாய் பக்கத்திலுள்ள சாக்கடை நீரை அதே ஓட்டை வழியாக உள்ளே இழுத்துக் கொள்ளும். மறுநாள் அதுதான் குடத்தில் விழும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் தலையெழுத்தென்கிறோம். தோழர்களே, அது தலையெழுத்தல்ல, குழாயின் ஓட்டை!

கிராமத்துத் தோழர்களுக்கும் இதில் சம்பந்தமுண்டு. நகரத்துக் குழாயில் ஒழுகுவதை ஈடுகட்ட, சுற்றுக் கிராமங்களின் கிணற்றுத் தண்ணீர் லாரியில் ஏறுகிறது. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 1987-லேயே சட்டம் ஏற்பட்டது. காகிதத்திலுள்ள சட்டத்தால் கிணறு ஊறாது.

“குழாய் மாற்றப் பணமேது?” என்பார்கள். லாரிக்குப் பணமிருக்கிறது, ரயிலுக்குப் பணமிருக்கிறது, கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைக்குப் பணமிருக்கிறது. அவ்வளவு செலவிட்டுக் கொண்டுவந்த தண்ணீரை ஓட்டைக் குழாயில் விடுவதைவிட ஓட்டையை அடைப்பது லாபமா, நஷ்டமா?

ஆகவே, ஒழுக்கை அளந்து வருஷந்தோறும் கணக்கை வெளியிடட்டும். பெருங் கட்டிடங்களுக்கு முதலில் மீட்டர் வைக்கட்டும். ஏழைகள் வாழும் தெருவில் முதலில் குழாயை மாற்றட்டும். அதன் பிறகு நம்மைச் சிக்கனமாயிருக்கச் சொல்லட்டும்; நாமும் சந்தோஷமாய்க் கேட்போம்.

நாம் சொல்லிவிட்டோமென்று இதை நம்பிவிடாதீர்கள். நாளைக் காலையில் உங்கள் தெருக் குழாயையும், அதன் பக்கத்துச் சாக்கடையையும் நேரில் பார்த்து, உங்கள் அறிவைக் கொண்டு முடிவு செய்யுங்கள் என்று கேட்டு, இத்துடன் முடித்துக் கொள்ளுகின்றோம்.