ரேம் வாங்குறதுக்கு முன்னாடி ஸ்க்ரூ டிரைவர் வாங்குங்க

போன வெள்ளிக்கிழமை எபிசோடு ஏன் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்லை, ஊருக்கும் போகலை. எடிட் பண்ற கம்ப்யூட்டரைப் பாதி கழட்டி மேஜை மேல போட்டுட்டு, மேற்கொண்டு போக முடியாம உட்கார்ந்திருந்தேன். இன்னைக்கு அந்தக் கதைதான்.

என்கிட்ட இருக்கிறது 2018 மேக் மினி. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, 8 ஜிபி ரேம். நாலு டிராக் ஓடினாலே திணறும். இதுல ரேமை மாத்தலாம்னு தெரியும். 16 ஜிபி ஸ்டிக் ரெண்டு வாங்கிட்டேன். வீட்டு டப்பாவுல இருந்த ஸ்க்ரூ டிரைவர் போதும்னு நினைச்சேன். அங்கதான் தப்பு.

ஸ்க்ரூவுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். மேக் மினியில நிறைய மாடல் வெளியில பார்க்க ஒரே மாதிரி டப்பாதான், ஆனா உள்ள வேற வேற. 2005ல வந்த முதல் மினியைத் திறக்க, பெயின்டர் பட்டி பார்க்கிற தகடு மாதிரி ஒண்ணை இடுக்குல விட்டு நெம்பணும். 2010, 2011, 2012 மாடல்கள் ரொம்ப சுலபம். அடியில இருக்கிற கறுப்பு மூடியைக் கையால திருகினா ரேம் கண்ணு முன்னாடி நிக்கும். 2014ல ரேமை போர்டோட சால்டர் பண்ணிட்டாங்க. மாத்தவே முடியாது. 2018ல திரும்ப ஸ்லாட் வந்துச்சு. 2020ல வந்த எம்1ல இருந்து மெமரி சிப்போடவே சேர்ந்து வருது, வாங்கும்போது எடுத்ததுதான் கடைசி வரைக்கும். அதனால முதல்ல ஆப்பிள் மெனுவுல ‘அபவுட் திஸ் மேக்’ போய் வருஷத்தைப் பாருங்க. ஓஎல்எக்ஸ்ல பழசு வாங்கறவங்க காசு கொடுக்கிறதுக்கு முன்னாடியே பாருங்க. 2014 மாடலை வாங்கிட்டு ரேம் ஸ்டிக்கோட வந்து நின்னா, யாராலயும் உதவ முடியாது.

சரி, 2018க்கு என்ன வேணும்? ஒரு பிளாஸ்டிக் நெம்புகோல், அடிமூடியை எடுக்க. டிஆர்6 பிட். டி6, டி5, டி10 டார்க்ஸ் பிட். அவ்வளவுதான்.

இந்த டிஆர்6தான் என்னைக் கவுத்துச்சு. அடிமூடிக்குக் கீழ ஒரு உலோகத் தட்டு, அதுல ஆறு ஸ்க்ரூ. ஒவ்வொண்ணுக்கும் நட்ட நடுவுல குட்டியா ஒரு முள் நிக்கும். சாதாரண டி6 அதுக்குள்ள இறங்காது. டிஆர்6 பிட்டோட நுனியில ஓட்டை இருக்கும், அது முள்ளைச் சுத்தி உட்காரும். எனக்கு அது தெரியலை. சின்ன தட்டை ஸ்க்ரூ டிரைவரை வச்சு அழுத்தித் திருகினேன். சறுக்கிச்சு. ஒரு ஸ்க்ரூவோட தலை பாதி மழுங்கிடுச்சு. முழுசா மழுங்கியிருந்தா டிரில் போட வேண்டியிருந்திருக்கும். நிறுத்திட்டு, சரியான பிட் செட் ஆர்டர் போட்டேன். அது வர ரெண்டு நாள் ஆச்சு. உங்க எபிசோடு அந்த ரெண்டு நாள்லதான் போச்சு.

பிட் வந்ததும் நல்லா அழுத்திப் பிடிச்சு மெதுவாத் திருகினேன், மழுங்கினதும் வந்துடுச்சு. ஆனா தட்டை வெடுக்குனு தூக்காதீங்க. அடியில வைஃபை ஆன்டெனா கேபிள் போகுது. அதோட ஸ்க்ரூவை எடுத்துட்டு, கனெக்டரை மேல்நோக்கி மெதுவா எடுக்கணும். அப்புறம் ஃபேன். அப்புறம் பவர் கனெக்டரையும் லைட்டோட சின்ன கனெக்டரையும் கழட்டிட்டு, டி10 ஸ்க்ரூ ரெண்டை எடுத்தா, ரெண்டு கட்டைவிரலால போர்டையே வெளிய தள்ளலாம். பவர் சப்ளை உள்ளேயே இருக்கட்டும், அதைத் தொடாதீங்க. கடைசியா ரேம் மேல ஒரு உலோக மூடி, அதுக்கு டி5 ஸ்க்ரூ நாலு. ரெண்டு பக்கக் கிளிப்பை விலக்கினா பழைய ஸ்டிக் தானா மேல எழும்பும். புதுசைச் சாய்வா செருகி, ‘டக்’னு சத்தம் வர்ற வரைக்கும் கீழ அழுத்துங்க.

ரேம் லேப்டாப்புக்குப் போடுற சின்ன சைஸ்: டிடிஆர்4 எஸ்ஓ-டிம், 2666 மெகாஹெர்ட்ஸ். ரெண்டு ஸ்லாட்டுலயும் ஒரே அளவா போடுங்க. அதிகபட்சம் 64 ஜிபி வரை போகும்.

ஸ்க்ரூ கலந்துடாம இருக்க நான் இட்லித் தட்டை எடுத்துக்கிட்டேன். ஒரு கட்டத்துல கழட்டினது ஒரு குழியில. திரும்ப மாட்டும்போது கடைசிக் குழியில இருந்து பின்னோக்கி வந்தா போதும். அம்மா முறைச்சாங்க, ஆனா வேலை செஞ்சுச்சு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லா ஒயரையும் உருவிடுங்க. உடம்புல இருக்கிற ஸ்டாட்டிக் போக, ஏதாவது வெறும் உலோகத்தைத் தொட்டுட்டு உட்காருங்க.

எல்லாம் மாட்டி ஆன் பண்ணேன். 32 ஜிபி காட்டுச்சு. ஒரே சந்தோஷம். ஆனா வைஃபை ரூமைத் தாண்டினா வரலை. ஆன்டெனா கனெக்டரைச் சரியா உட்கார வைக்கலை. மறுபடி ஆறு ஸ்க்ரூ. இந்தத் தடவை பத்து நிமிஷம்தான் ஆச்சு, ஏன்னா கையில சரியான பிட் இருந்துச்சு.

ஞாபகம் வச்சுக்கோங்க: முதல்ல வருஷம், அடுத்து பிட், கடைசியா ரேம். நான் தலைகீழாப் போனேன். உங்ககிட்ட மழுங்கின ஸ்க்ரூ கதை இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த வெள்ளிக்கிழமை கண்டிப்பா வரேன்.