வேலையா, மண்ணா என்று கேட்பவர் யார்?

(நெய்வேலி வட்டாரத்தில் நடந்த குடும்பக் கோடைப் பள்ளியின் முதல் நாள் காலை ஆற்றிய உரை)

இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் சுரங்கத் தோழர்களே, சேத்தியாத்தோப்புப் பக்கமிருந்து வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, கடலூர் மீனவச் சொந்தங்களே, பந்தலின் பின்பக்கம் கலர் பென்சிலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

குழந்தைகளை யாரும் அதட்ட வேண்டாம். மைக் என்னிடம்தான் இருக்கிறது. (சிரிப்பு)

"அரசியல் வகுப்புக்குப் பெண்டு பிள்ளைகளோடு வரச் சொல்கிறீர்களே, இது என்ன திருவிழாவா?" என்று மூத்த தோழர் ஒருவர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். அவர் நடத்திய வகுப்புகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆண்கள் மார்க்சையும் பெரியாரையும் விவாதிப்பார்கள். அதே பத்து மணிக்கு அவர்கள் வீட்டுப் பெண்கள் மீன் கழுவிக்கொண்டிருப்பார்கள். இயக்கத்துக்குப் பெண்கள் வருவதில்லையே என்று மாலையில் கவலை தெரிவித்து ஒரு தீர்மானமும் போடுவார்கள்! ஐயா, கிணறு வற்றினால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் யார்? ஆலை மூடினால் அடகுக் கடைக்குப் போகும் தாலிக்கொடி யாருடையது? அவர்கள் இல்லாத கூட்டத்தில் என்ன பசுமை அரசியல் பேசிவிட முடியும்? இன்று அடுப்படியில் ஆண்கள் நிற்கிறார்கள். சாம்பாரில் உப்பு கூடினால் இயக்கத்தின் நன்மைக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். வாசலில் வைத்திருந்த பெயர்ப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். தொழில் என்ற கட்டத்தில் ஒருவர் "விவசாயம்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, "என்.எல்.சி. காண்ட்ராக்ட்" என்று எழுதியிருக்கிறார். அவருக்குக் கீழே எழுதியவர்களில் பலரும் அப்படியே கோடு இழுத்திருக்கிறார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பவர் ஒரே மனிதர். அவர் விவசாயியாகப் போய் நின்றால் வளர்ச்சிக்குத் தடை என்கிறார்கள். தொழிலாளியாகப் போய் நின்றால் உற்பத்திக்கு இடைஞ்சல் என்கிறார்கள். ஆட்சியில் இருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள், அது அவர்கள் பிழைப்பு. நம் இயக்கங்கள் என்ன செய்தன? சூழலியல் மேடை அவருடைய வயலை மட்டும் பார்த்தது. தொழிற்சங்க மேடை அவருடைய கேட் பாஸை மட்டும் பார்த்தது. "வேலை வேண்டுமா, மண் வேண்டுமா, ஒன்றைச் சொல்" என்று அவரிடம் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்கிறவருக்கு இரண்டில் ஒன்றையும் கொடுக்கிற எண்ணம் கிடையாது தோழர்களே!

இந்த ஊரின் கதை உங்களுக்குத் தெரியும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது; அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956ல் என்.எல்.சி. நிறுவனம் பிறந்தது. 1957 மே 20ஆம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடக்கி வைத்தார். சோவியத் உதவியில் எழுந்த அனல்மின் நிலையம் 1962ல் மின்சாரம் கொடுத்தது. அந்த விளக்கில் படித்து வந்தவர்கள்தான் நாமெல்லாம். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இந்தப் பழுப்பு நிலக்கரி எதன் மேல் படுத்திருக்கிறது? அழுத்தத்தோடு நிற்கிற நீரின் மேல். அதை இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் வரும். அதனால் இரவும் பகலும் பம்பு ஓடுகிறது. முன்பெல்லாம் குழாய் இறக்கினால் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் தானாகப் பொங்கி வழியும். இங்கே இருக்கும் பெரியவர்கள் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். பிற்பகலில் பிள்ளைகள் நோட்டோடு உங்களிடம் வருவார்கள், எந்தெந்த ஊரில் பொங்கியது என்று சொல்லுங்கள். அவர்கள் வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். அதிகாரிகளிடம் இல்லாத வரைபடம் அதுவாகத்தான் இருக்கும்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்தது என்ன? பரவனாற்றைத் திருப்பக் கால்வாய் வெட்டுகிறோம் என்று என்.எல்.சி.க்காரர்கள் நெற்பயிர் நின்ற வயலில் பொக்லைனை இறக்கினார்கள். நிலம் எப்போதோ எங்களுடையதாகிவிட்டது என்றார்கள். இருக்கட்டும். அறுவடை வரைக்கும் இரண்டு மாதம் பொறுத்தால் என்ன என்று உயர் நீதிமன்றமே கேட்டதே! அந்தப் பொக்லைனின் இருக்கையில் இருந்தவர் மந்திரியா, சேர்மனா? கூலிக்கு லிவரைப் பிடித்த ஒருவர். அவர் மீது கல்லெறிந்து நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால், 2020ல், மே மாதம் ஒரு முறை, ஜூலையில் ஒரு முறை, இதே நெய்வேலியில் பாய்லர் வெடித்தது. வெந்து செத்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள். வயலை மதிக்காத நிர்வாகம் உடம்பை மட்டும் மதித்துவிடுமா?

கொடைக்கானலை நினைத்துப் பாருங்கள். அங்கே தெர்மாமீட்டர் தொழிற்சாலை. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை 2001ல் கண்டுபிடித்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. சோலைக் காட்டுக்கும் ஏரிக்கும் வந்த ஆபத்தைப் பற்றி உலகமே பேசியது. ஆனால் அந்தப் பாதரச ஆவியை முதலில் மூச்சில் இழுத்தவர்கள் உள்ளே வேலை செய்தவர்கள். 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது எப்போது? 2016ல். பதினைந்து ஆண்டுகள்! ஆலை மூடினால் சூழலியல்காரருக்கு வெற்றி விழா. தொழிலாளிக்கு அன்றைக்குத்தான் வழக்கே ஆரம்பம்.

இப்போது பசுமை என்று பெயர் வைத்துக்கொண்டு வருகிறவர்களைக் கொஞ்சம் பார்ப்போம். ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதிக்குப் போயிருக்கிறீர்களா? 2016ல் அங்கே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. சுமார் 25 லட்சம் தகடுகள். கட்டும்போது 8,500 பேர் வேலை செய்தார்கள் என்று பெருமையாகச் செய்தி வந்தது. கட்டி முடித்த பிறகு? தகட்டைத் துடைப்பதற்குக்கூட அங்கே ரோபோ! வெயில் ராமநாதபுரத்தான் தலையில் அடிக்கிறது, லாபம் வேறு மாநிலத்துக்குப் போகிறது, துடைப்பம்கூட நம் கைக்கு வரவில்லை. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் முதலாளி மாறாமல், ஒப்பந்த முறை மாறாமல், கரிக்குப் பதில் கண்ணாடி வந்தால் அதற்கு நான் ஏன் கைதட்ட வேண்டும்? (கைதட்டல்) இதற்கும் தட்டாதீர்கள், நேரம் போகிறது.

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் லூகாஸ் ஏரோஸ்பேஸ் என்று ஒரு கம்பெனி. விமான பாகங்கள், அதில் சுமார் பாதி ராணுவத்துக்கு. 1970களில் ஆட்குறைப்பு என்று மிரட்டினார்கள். அங்கிருந்த பணிமனைப் பிரதிநிதிகள் ஒரு வேலை செய்தார்கள். எங்கள் கைத்திறமையை வைத்து மக்களுக்குப் பயன்படும்படி எதைச் செய்யலாம் என்று 180 நிபுணர்களுக்கும் நிறுவனங்களுக்கும் கடிதம் எழுதினார்கள். பதில் போட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். சரி, பெரிய மனிதர்களை விடு, நம் ஆட்களையே கேட்போம் என்று பட்டறை பட்டறையாகக் கேள்வித்தாள் கொடுத்தார்கள். ஃபிட்டரும் டர்னரும் வெல்டரும் எழுதிக் கொடுத்தவற்றைத் தொகுத்து 1976 ஜனவரியில் திட்டமாக வெளியிட்டார்கள். சுமார் 150 பொருட்கள்! காற்றாலை, சூரிய வெப்பக் கருவி, வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப், பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் வண்டி, ரோட்டிலும் தண்டவாளத்திலும் ஓடும் பஸ். ஐம்பது ஆண்டுக்கு முன்னால்! இன்று கார் கம்பெனிகள் ஹைபிரிட் என்று விளம்பரம் போடுகின்றனவே, அதை அன்றைக்கே தொழிலாளிகள் காகிதத்தில் போட்டுக் கொடுத்தார்கள். நிர்வாகம் நிராகரித்தது. முன்னணியில் நின்ற மைக் கூலியை 1981ல் வேலையைவிட்டே அனுப்பியது. திட்டம் தப்பு என்பதற்காக அல்ல. எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் அதிகாரத்தில் தொழிலாளி கைவைத்ததற்காக.

அந்தக் கை இங்கேயும் நீள வேண்டும். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம், 600 மெகாவாட், 2020ல் நிறுத்தப்பட்டது. மற்றவற்றுக்கும் ஒரு நாள் தேதி குறிப்பார்கள். "சுரங்கத்தைத் தொடாதே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் சங்கத் தலைவர்களைக் கேட்கிறேன்: அந்தத் தேதி வரும்போது நிரந்தர ஊழியருக்கு இடமாற்ற உத்தரவு கிடைக்கலாம், ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும்? ஸ்பெயினில் 2018ல் நிலக்கரிச் சுரங்கங்களை மூடும்போது, சங்கங்களோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு 25 கோடி யூரோ ஒதுக்கினார்கள். முன்கூட்டிய ஓய்வு, மறுபயிற்சி, சுரங்க நிலத்தைச் சீர்படுத்தும் வேலை, எல்லாம் அதில் இருந்தன. யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. கேட்பதற்கு அங்கே சங்கம் தயாராக இருந்தது.

பணத்துக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். 2015ல் கனிமச் சட்டத்தைத் திருத்தியபோது சுரங்கத்தால் பாதிக்கப்படும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கனிம அறக்கட்டளை வந்தது. சுரங்கம் நடத்துகிறவர் கொடுக்கும் ராயல்டி தவிர, அதில் 10 அல்லது 30 சதவீதம் கூடுதலாக இந்த அறக்கட்டளையில் கட்ட வேண்டும். குடிநீர், சுகாதாரம், கல்வி, தொழில் பயிற்சி என்று சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் செலவழிக்க வேண்டிய பணம் அது. உங்கள் கிராமத்துக்கு அதில் என்ன வந்தது? எந்தக் கட்டடத்தில் யார் பெயர் பொறித்த கல்வெட்டாக வந்தது?

மதிய அமர்வில் ஊர்வாரியாகப் பிரிந்து உட்காருங்கள். ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு தாள். ஒன்றில் கனிம அறக்கட்டளைக் கணக்கைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. இன்னொன்றில் ஆகஸ்ட் 15 கிராம சபைக்கான தீர்மானம்: ஏரி தூர்வாருவது, மொட்டை மாடி சோலார், சுரங்க மண்மேட்டில் மரம் வளர்ப்பது என்று இந்த ஊர் ஆட்கள் செய்யக்கூடிய வேலைகளும், அந்த வேலைகளில் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிலம் கொடுத்தவர்களுக்கும் முதலிடம் என்ற வாசகமும் அதில் இருக்க வேண்டும். வெல்டர் இருந்தால் வெல்டர் என்று எழுதுங்கள், நாற்று நடுபவர் இருந்தால் அதையும் எழுதுங்கள். தீர்மானத்தைப் பெண் ஒருவர் வாசிக்கட்டும். பிள்ளைகளின் வரைபடத்தை அதோடு இணையுங்கள். மூன்று மணிக்குத் தாள்கள் மேடைக்கு வந்துவிட வேண்டும். வராத ஊரின் பெயரை மைக்கில் வாசிப்பேன்.