கிணற்றுக் குழாயில் ஏன் இந்த இடி?



மோட்டார் நின்றதும் குழாய் 'டமார்' என்று அடிப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். யாரோ சம்மட்டியால் ஓங்கி அடித்தது போல இருக்கும். குழாய் ஒரு துள்ளுத் துள்ளி அடங்கும். "மோட்டாருக்கு வயசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் பலர் போய்விடுவார்கள். ஆனால் அடிப்பது மோட்டார் அல்ல. அடிப்பது தண்ணீர்.

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கே சித்தூர் தாலுகா இருக்கிறது. அங்கே மழை குறைவு. தமிழ் பேசும் விவசாயிகள் நிறைய உண்டு. கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பித்தான் பலருக்குத் தென்னை. அங்கே ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிணறு பள்ளத்தில் இருக்கிறது. தென்னங்கன்றுகள் 300 மீட்டர் தள்ளி மேட்டில் இருக்கின்றன. கோடையில் குழாய் வெடித்தது. நாலு நாள் தண்ணீர் இல்லை. கன்றுகள் வாடின. ஆட்டை விற்றுப் புதுக் குழாய் போட்டார்கள். அடுத்த மாதமே இன்னொரு இடத்தில் வெடித்தது.

குழாய் போடுகிறவர் வந்தார். வீட்டுக்கார அம்மாவுக்கு ஆற்றாமை.

"ஏனுங்க அண்ணா, போன மாசம்தானே புதுசு போட்டோம்? மட்டமான குழாயா போட்டுட்டீங்களா?"

அவர் கோபப்படவில்லை. திருப்பி ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தச் சத்தம் எப்பங்க அக்கா வருது? மோட்டார் போடும்போதா, நிக்கும்போதா?"

நல்ல மெக்கானிக் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஏன் என்று பார்க்கலாம்.

மூன்று அங்குலக் குழாய் 300 மீட்டர் நீளம் போனால், அதற்குள் சுமார் 1,300 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதன் எடை 1,300 கிலோ. ஒரு மாட்டு வண்டிப் பாரத்துக்கும் மேலே. இந்தப் பாரம் மேடு ஏறி ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று கரண்டு போகிறது. மோட்டார் உடனே நிற்கிறது. தண்ணீர் உடனே நிற்குமா? நிற்காது. போன வேகத்தில் இன்னும் கொஞ்சம் மேலே போகும். பிறகு தயங்கும். பிறகு கிணற்றை நோக்கித் திரும்பி வரும். பாரம் ஏற்றிய வண்டி பள்ளத்தில் பின்னுக்கு உருளுவது போல.

திரும்பும் தண்ணீரைத் தடுக்கக் குழாயில் செக் வால்வு இருக்கும். அது ஒரு வழிக் கதவு. பழைய மாதிரியில் கதவு தொங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் திரும்பி வந்து தள்ளினால்தான் மூடும். அதற்குள் தண்ணீர் வேகம் பிடித்துவிடும். கதவு படாரென்று சாத்தும். வந்த வேகம் முழுவதும் அந்தக் கதவில் மோதும். அதுதான் 'டமார்'.

அந்த அடி எவ்வளவு பலமானது? தண்ணீரின் வேகம் வினாடிக்கு 1 மீட்டர் என்று கொள்ளுங்கள். அது சட்டென்று தடைபட்டால், பி.வி.சி. குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4 கிலோ அழுத்தம் கூடும். இரும்புக் குழாயில் ஏறத்தாழ 12 கிலோ கூடும். இரும்பு வளைந்து கொடுக்காது. அதனால் அடி பலமாக விழுகிறது. மேட்டுக்கு ஏற்றும் அழுத்தம் இதற்கு மேல் தனி. 30 மீட்டர் உயரத்துக்கு அது 3 கிலோ. கடையில் 4 கிலோ குழாய், 6 கிலோ குழாய் என்று கேட்டு வாங்குகிறீர்களே, அந்தக் கிலோவும் இந்த அழுத்தம்தான்.

இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். வினாடிக்கு 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். மூன்று அங்குலக் குழாயில் அதன் வேகம் 1 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். செலவு குறையும் என்று இரண்டு அங்குலக் குழாய் போட்டால் வேகம் இரண்டரை மீட்டர் ஆகிவிடும். அடி 4 கிலோவிலிருந்து 10 கிலோவுக்கு ஏறிவிடும். குழாய் வாங்கும்போது மிச்சம் பிடித்த காசு பிறகு வெடிப்பில் போய்விடுகிறது. சித்தூர் அம்மா வீட்டில் போட்டிருந்ததும் இரண்டு அங்குலம்தான்.

"கரண்டு போகும்போதுதாங்க அடிக்குது" என்றார் அந்த அம்மா. அப்படியானால் கதவு தாமதமாக மூடுகிறது என்று பொருள்.

சத்தம் மோட்டார் போடும்போது வந்தால் கதை வேறு. ஆழ்துளைக் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டாரோடு கீழே ஒரு செக் வால்வு இருக்கும். மேலே இன்னொன்று போட்டிருப்பார்கள். கீழே உள்ளது ஒழுகினால், இரண்டுக்கும் நடுவே குழாய் வெற்றிடமாகிவிடும். மோட்டார் போட்டதும் தண்ணீர் அந்த வெற்றிடத்தில் பாய்ந்து மேல் வால்வில் மோதும். அங்கே மாற்ற வேண்டியது கீழ் வால்வு. குழாயை மாற்றினால் பயனில்லை.

திறந்த கிணற்று மோனோபிளாக் மோட்டார் என்றால் ஒரு பழக்கம் உதவும். நிறுத்தும் முன் கேட் வால்வை மெதுவாக மூடுங்கள். அரை நிமிடமாவது எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசிக்கு மேல் மூடியதும் ஸ்விட்சை அணையுங்கள். (பிஸ்டன் பம்பில் இதைச் செய்யவே கூடாது. தண்ணீருக்கு வழி இல்லாமல் பம்பே உடையும்.) ஆனால் கரண்டு சொல்லிவிட்டா போகிறது? இரவு இரண்டு மணிக்கு வால்வு அருகே யார் நிற்பார்கள்?

ஆகவே ஆள் இல்லாதபோதும் வேலை செய்கிற கருவி வேண்டும். அது ஸ்பிரிங் வைத்த செக் வால்வு. மேலே போகும் தண்ணீரின் வேகம் குறையும்போதே ஸ்பிரிங் கதவைத் தள்ளி மூடிவிடும். தண்ணீர் திரும்பும் நேரத்தில் கதவு சாத்தியிருக்கும். வேகம் பிடிக்க அதற்கு இடமில்லை. மோட்டாருக்கு அருகிலேயே இதைப் பொருத்த வேண்டும்.

குழாய் ஒரு மேட்டில் ஏறி இறங்கினால், உச்சியில் ஏர் வால்வு வேண்டும். இல்லாவிட்டால் கரண்டு போனதும் அங்கே தண்ணீர் இரண்டாகப் பிரியும். மீண்டும் சேரும்போது மோதும். மெல்லிய குழாய் என்றால் காற்று இல்லாமல் உள்ளே சப்பிப் போவதும் உண்டு.

இந்த அடிக்கு ஒரு நல்ல முகமும் உண்டு. 1796-இல் பிரான்சு நாட்டில் மொன்கோல்பியே என்பவர் இதே அடியைக் கொண்டு தண்ணீரை மேலே ஏற்றும் கருவி செய்தார். கரண்டு வேண்டாம், டீசல் வேண்டாம். உத்தரகண்ட் மலைகளில் ஓடை நீரை வயலுக்கு ஏற்ற இது பயன்படுகிறது.

சித்தூருக்கு வருவோம். குழாய்க்காரர் பழைய வால்வைக் கழற்றினார். ஸ்பிரிங் வால்வைப் பொருத்தினார். வெடித்த துண்டை மட்டும் 10 கிலோ குழாயாக மாற்றினார். வளைவு இருந்த இடங்களில் கல் வைத்துச் சிமெண்டால் பிடித்தார். அடுத்த விளைச்சலில் பணம் வந்தால் முழுவதையும் மூன்று அங்குலமாக மாற்றச் சொன்னார்.

போகும்போது ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பார்த்தார்.

"கரண்டு வந்த உடனே மோட்டார் ஓடுற மாதிரி வச்சிருக்கீங்களே அக்கா. உள்ளே தண்ணி இன்னும் ஆடிட்டு இருக்கும். ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு ஓடுற மாதிரி திருப்பி வையுங்க."

அந்த அம்மா அப்போதே அதைத் திருப்பி வைத்தார்.