பிரிந்த பெற்றோரும் பிள்ளையின் பங்கும்

(தாராவியில் தமிழ் மாணவர்களும் அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



கணவனும் மனைவியும் பிரிந்தபின் பிள்ளை எவர் கணக்கில் சேரும்? வரி விதிப்பும் உணவுப் பங்கீடும் இக்கேள்விக்கு விடை கூறியாக வேண்டும்.

அமெரிக்காவில், ஆண்டில் அதிக இரவுகள் பிள்ளை எவருடன் தங்கியதோ, அவரே பொதுவாக அதனைத் தம்மைச் சார்ந்தவராகக் காட்டி வரிச்சலுகை பெறுகிறார். நம் நாட்டிலும் 1950களின் பிற்பகுதியில் மணமானவரின் வரிவிலக்கு வரம்பு குழந்தைகளின் எண்ணிக்கைக்கேற்ப உயர்ந்தது. அம்முறை பின்னர் கைவிடப்பட்டது. இன்று பிள்ளை இருப்பதனால் மட்டும் வரி குறைவதில்லை. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்போர், இரு பிள்ளைகளுக்குத் தாம் செலுத்திய கல்விக் கட்டணத்தை வரம்புக்குட்பட்டுக் கழித்துக்கொள்ளலாம். கட்டணம் செலுத்தியவர் எவரோ, கழிவும் அவருக்கே.

பிள்ளையின் பெயரிலுள்ள வைப்புநிதிக்கு வரும் வட்டியை எவர் கணக்கில் சேர்ப்பது? 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 1992இல் சேர்க்கப்பட்ட 64(1ஏ) பிரிவு இதற்கு விடை கூறியது. திருமண உறவு நீடித்தால் பெற்றோரில் அதிக வருமானம் உடையவர் கணக்கில் அது சேரும். மணம் முறிந்திருப்பின் பிள்ளையைப் பராமரிப்பவர் கணக்கில் சேரும். 2025இல் இயற்றப்பட்ட புதிய சட்டமும் இவ்விதியைக் கைவிடவில்லை. பராமரிப்பவரே பொறுப்பாளர் என்னும் கொள்கை சிறந்ததே. ஆயினும், விவாகரத்துப் பெறாமல் பிரிந்து வாழ்வோர் இக்கொள்கைக்கு வெளியே நிற்கின்றனர்.

அத்தகையோர் தாராவியிலும் உள்ளனர். மண்பாண்டம் வனைந்தும், தோல் தைத்தும், இட்லி விற்றும் வாழும் குடும்பங்களில் பல வருமான வரி வரம்பை எட்டுவதில்லை. அவர்களுக்குச் ‘சார்ந்தோர்’ என்பதன் பொருள் ரேஷன் அட்டையிலுள்ள பெயர்தான். 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் உரியது. ஒரு தாய்க்கும் இரு பிள்ளைகளுக்கும் சேர்த்து 15 கிலோ. தாய் பிள்ளைகளுடன் பிறந்தகம் சேர்ந்த பின்னும் பெயர்கள் பழைய அட்டையிலேயே இருப்பின், அவர்களுடைய தானியம் கணவன் வீட்டுக் கணக்கிலேயே நிற்கும். அச்சட்டம் 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணையே குடும்பத் தலைவியாக ஏற்கிறது. ஆனால் கணவன் வீட்டில் மூத்த பெண் மாமியார் அன்றோ!

ஜீவனாம்சம் கோருவோருக்குப் பாந்திராவில் குடும்ப நீதிமன்றம் இருக்கிறது. இத்தகைய வழக்குகளில் இருதரப்பாரும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தரவேண்டும் என்றும், மனு செய்த நாள் முதலே ஜீவனாம்சம் வழங்கப்பட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம். பிள்ளையின் பசியோ நாள்தோறும் வருவது.

ஒரே பெயர் இரு அட்டைகளில் இடம்பெறலாகாது என்னும் எச்சரிக்கை நியாயமானதே. ஆதலால் அலுவலர்கள் பள்ளிச் சான்றையும் இருப்பிடத்தையும் நேரில் விசாரித்து, கணவருக்கு மறுப்புரைக்கக் குறிப்பிட்ட அவகாசம் அளித்து, பின்னர்ப் பெயர்களை மாற்றித் தரலாம். விவாகரத்துத் தீர்ப்பை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டியதில்லை. பெற்றோரின் வழக்கு முடியும்வரை பிள்ளையின் உணவு காத்திராமல் பார்த்துக்கொள்வதே நம் கடமையாகும்.