கற்பதற்கு வயது தடையல்ல
(ஜமாஅத் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

பிள்ளைகளின் கல்வியைப் பற்றி நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம். இன்று பெரியவர்களின் கல்வியைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

நம்முடையது வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்த ஆண்டில் பருத்தியும் கம்பும் மட்டும் கருகவில்லை. பல பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்தே கருகியது. விடியும் முன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறி, தீக்குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சென்ற சிறுவர் சிறுமியர் இப்பகுதியில் ஏராளம். 1986ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன் படிப்பை இழந்தவர்களுக்கு அந்தச் சட்டம் பள்ளிக்கூடத்தைத் திருப்பித் தரவில்லை. அவர்கள் இன்று தாத்தாக்களாகவும் பாட்டிகளாகவும் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்கள் கைவிட்டது பள்ளிக்கூடத்தைத்தான், கல்வியை அல்ல. இதுவே நான் சொல்ல வந்த செய்தி.

நம் அண்டை ஊரிலேயே இதற்குச் சான்று உண்டு. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். இளமையில் காசநோயால் வாடினார், விவசாயியாக உழைத்தார். அவருடைய முதல் சிறுகதை 1958இல் வெளிவந்தபோது அவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. பள்ளியில் கிடைக்காத பாடத்தை ஊர் மக்களிடம் காது கொடுத்துக் கேட்டே கற்றார். இந்த மண்ணின் பேச்சுச் சொற்களைச் சேகரித்து அகராதியாகத் தொகுத்தார். அறுபது வயதைக் கடந்த பின், புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்து நாட்டார் கதைகள் துறையில் பேராசிரியர் பொறுப்பை அளித்தது. பட்டம் பெறாதவர் பட்டதாரிகளுக்குக் கற்பித்தார். 1991இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். 2021 மே மாதம் அவர் மறைந்தபோது அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது நீங்கள் அறிந்ததே.

நம் மார்க்க வரலாறு இதனை முன்பே கற்றுத் தந்துள்ளது. 'ஓதுவீராக' என்ற முதல் இறைக் கட்டளை நபி (ஸல்) அவர்களுக்கு நாற்பதாம் வயதில் வந்தது. நபித்தோழர்கள் முதிர்ந்த வயதிலும் கல்வி கற்றார்கள் என்பதை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் நூலின் கல்விப் பாடத்திலேயே நினைவூட்டுகிறார்கள். மர்வு நகரத்தைச் சேர்ந்த கஃப்பால் (ரஹ்) அவர்கள் முப்பது வயது வரை பூட்டுச் செய்யும் தொழிலாளியாக இருந்தவர்கள். அதன் பிறகே கிதாபைக் கையில் எடுத்து, ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞராக உயர்ந்து, ஹிஜ்ரி 417இல் மறைந்தார்கள். 'கஃப்பால்' என்றாலே பூட்டுச் செய்பவர் என்பதே பொருள். பழைய தொழிலின் பெயரே அவர்களுக்குக் கண்ணியமாக நிலைத்துவிட்டது.

பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் ஈட்டுத்தொகை செலுத்த வசதியற்ற, எழுதத் தெரிந்தவர்கள், அன்சாரிகளின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்தால் விடுதலை என்று முடிவாயிற்று. எதிர்த்துப் போரிட்டவரிடமும் எழுத்தைக் கற்கலாம் என்றால், சொந்தப் பேரனிடமும் பேத்தியிடமும் கற்பதில் நமக்கு என்ன குறைவு?

நம்மைத் தடுப்பது வயதல்ல, வெட்கமே. வெட்கப்படுபவரும் பெருமை கொள்பவரும் கல்வியை அடையமாட்டார்கள் என்பது இமாம் முஜாஹித் (ரஹ்) அவர்களின் கருத்து. மார்க்கத்தை விளங்கிக்கொள்ள நாணம் தடையாக இருக்கவில்லை என்று அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தார்கள். தாய்மார்கள் இதனை மனத்தில் இருத்த வேண்டும்.

நிகாஹ் பதிவேட்டில் மகளின் பெயருக்குக் கீழே கைநாட்டு வைக்கும் தந்தையின் முகம் அந்த மகிழ்ச்சி நாளிலும் வாடுவதை ஆலிம்களாகிய நாங்கள் காண்கிறோம். மருந்துச் சீட்டையும் வங்கிப் படிவத்தையும் பிறரிடம் நீட்டி நிற்பவரின் நிலையும் அதுவே. கடன் பத்திரத்தில் எழுதியிருப்பதை அறியாமல் விரல் பதித்து நிலத்தை இழந்தோரின் கதைகள் கரிசலில் குறைவா?

எனவே, ஜமாஅத் நிர்வாகிகளிடம் நான் பணிவுடன் வேண்டுவது இரண்டு. முதலாவது, வாரத்தில் இரண்டு நாள்கள் இஷாவுக்குப் பின் மதரஸாக் கட்டடத்தில் ஆண்களுக்கும், பகலில் வேறொரு நேரத்தில் பெண்களுக்கும் எழுத்து வகுப்பு நடத்துங்கள். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளே கற்பிக்கட்டும். அதில் தேறியவர்கள் விரும்பினால் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புத் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுத அரசு வழி வைத்துள்ளது. ஐம்பது வயதானவரும் எழுதலாம்.

இரண்டாவது, படிக்காதவர்களிடமும் பாடம் உண்டு என்பதை மறவாதீர்கள். தையலும், மோட்டார் பழுது பார்ப்பதும், ஆடு வளர்ப்பும், கரிசலின் ஈரம் அறிந்து விதைப்பதும் அறிந்தவர்கள் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். எழுத்தைக் கற்பிக்கும் இளைஞர், அந்தப் பெரியவரிடம் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும். அப்போது வகுப்பில் யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் மாணவர், ஒவ்வொருவரும் உஸ்தாத்.

பயன் தரும் கல்வியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அதிகப்படுத்துவானாக! கற்றதைப் பிறருக்குக் கற்பிக்கும் பாக்கியத்தையும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.