செவிக்கும் ஓர் எல்லை

(மகாவீர் ஜெயந்தி விழாவில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)

 

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக நிற்பது பொருள் வரைதல். பொருளே வேண்டா என்பது துறவியர் நெறி. 'இவ்வளவே போதும்' என்று தாமே எல்லை வகுத்துக்கொள்ளுதல் இல்லறத்தார் நெறி. நிலம், மனை, பொன், தானியம் ஆகியவற்றிற்கு எல்லை வகுத்தல் எளிதாகத் தோன்றும். செவி விரும்பும் இன்பத்திற்கு எல்லை வகுப்பது எங்ஙனம்? அண்மையில் ஓர் இல்லத்தில் எழுந்த வினா இது.

அவ்வில்லத்தின் தலைவர் வங்கிப் பணியில் ஓய்வு பெற்றவர். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து சென்னையில் குடியேறியவர். காலையில் தோத்திரப் பாடல்களும் மாலையில் கருநாடக இசையும் கேட்பது அவர் வழக்கம். 20 ஆண்டுகளாக ஒரே ஸ்பீக்கர் இணையே அவருக்குத் துணை. மறைந்த தந்தையார் மேருமந்தர புராணம் படித்துப் பொருள் சொன்ன பழைய கேசட் ஒன்றை மகன் கணினியில் ஏற்றித் தந்தான். "ஸ்பீக்கரை மாற்றிவிடுங்கள், அப்பா. தாத்தா எதிரே அமர்ந்து பேசுவது போலவே இருக்கும்" என்றும் சொன்னான். விலை 2,40,000 ரூபாய். 85 வயதுத் தாயாரும் அக்குரலைத் தெளிவாகக் கேட்பாரே என்னும் ஆசை, அவரை ஏறத்தாழ இசையச் செய்துவிட்டது.

இல்லக்கிழத்தியார் ஒன்றே சொன்னார்: "கடைக்காரர் போடுவதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நம் கேசட்டைப் போட்டுக் கேளுங்கள்." அவ்வாறே, தாயாரையும் அழைத்துக்கொண்டு சென்றனர். கடையில் ஒலித்த இசை அனைவரையும் மயக்கியது. ஆயின், புதிய ஸ்பீக்கர் சற்று உரக்க ஒலிப்பதை அம்மையார் கண்டுகொண்டார். சற்றே உரத்த ஒலியைச் செவி சிறந்த ஒலியென்றே கொள்ளும். இரண்டையும் ஒரே அளவில் ஒலிக்கச் செய்தபோது வேறுபாடு குறைந்தது, மறையவில்லை. புதியது மேலானதே. பின்னர்த் தந்தையாரின் குரல் ஒலித்தது. குரலோடு நாடாவின் இரைச்சலும் தெளிவாக ஒலித்தது. பதிவில் இல்லாததை எத்துணை விலையுயர்ந்த ஸ்பீக்கரும் படைத்துத் தருவதில்லை.

தாயார் சொன்ன சொல்தான் முடிவைத் தந்தது: "சத்தம் கேக்குதுப்பா. சொல்லுதான் புரியலை."

முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வுடைய ஒலிகளை. இளஞ்செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேலெல்லை கீழிறங்கும். உயிரொலிகள் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வில் வலுவாக நிற்பவை. அவை செவியில் விழுகின்றன. ச, த, ப போன்ற மெய்களின் நுண்ணொலி நழுவிவிடுகிறது. உயிர் கேட்டும் மெய் கேளாமையால் சொல் விளங்குவதில்லை. இதற்கு வேண்டுவது பெரிய ஸ்பீக்கரன்று. செவிப் பரிசோதனையும், குறைந்த ஒலிகளை மட்டும் உயர்த்தித் தரும் காதுக்கருவியும் ஆகும். தாயாருக்கு அவையே வாய்த்தன. செலவு ஸ்பீக்கர் விலையில் மூன்றில் ஒரு பங்கு.

பழைய ஸ்பீக்கர்களும் வீண்போகவில்லை. அறை மூலையில் சுவரை ஒட்டி நின்றமையால் தாழ்ந்த ஒலி மிகுந்து சொற்களை மூடிக்கொண்டிருந்தது. அவற்றை இரண்டடி முன்னே நகர்த்தி, அமர்ந்திருப்பவர் செவியின் உயரத்தில் வைத்தனர். இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமையுமாறு இருக்கையை இட்டனர். ஒலியை எதிரொலித்த தரையில் கம்பளமும் சன்னலில் தடித்த திரையும் வந்தன. பாட்டின் சொற்கள் தெளிந்தன.

இனி, தொடக்கத்து வினாவிற்கு வருவோம். ஒலியும் பொருளே என்பது சமணக் கொள்கை. அது புற்கலத்தின் விளைவு. பவணந்தி முனிவரும் நன்னூலில் எழுத்தொலியை அணுத்திரளிலிருந்து பிறப்பதாகவே கூறினார். பொருளாயின், அதற்கும் வரையறை உண்டு. சமந்தபத்திரர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் உணவு, ஊர்தி, படுக்கை, ஆடை, அணி ஆகியவற்றோடு பாட்டையும் இசையையும் சேர்த்தே, நாள், பக்கம், திங்கள் எனக் காலம் குறித்து நியமம் கொள்ளச் சொல்கிறார். இசையை வெறுக்கச் சொல்லவில்லை. அளவு செய்யச் சொல்கிறார்.

நல்லொலியை ஆராய்தலும் குற்றமன்று. காந்தருவதத்தையாரோடு இசைப்போர் நிகழ்ந்தபோது, சீவகன் யாழ்களை ஆராய்ந்து மரத்தின் குற்றமும் நரம்பின் குற்றமும் கண்டு விலக்கியதைச் சிந்தாமணி விரித்துரைக்கிறது. அத்துணை நுண்செவி உடையவனே இறுதியில் அரசையும் இன்பத்தையும் துறந்தான். அறியும் ஆற்றல் வேறு, பற்று வேறு.

அவ்வில்லத் தலைவர் அடுத்த மகாவீர் ஜெயந்தி வரை புதிய ஸ்பீக்கர் வாங்குவதில்லை என நியமம் கொண்டுள்ளார். தேவை மெய்யாயின் ஓராண்டு கழித்தும் நிற்கும். ஆசை மட்டுமாயின் அதற்குள் தணியும். வாங்குவதாயினும், கடைக்குள் நுழையும் முன்னரே தொகைக்கு எல்லை வகுத்தல் நன்று. உள்ளே சென்றபின் எல்லையை வகுப்பவர் கடைக்காரர்.

இப்போது மாலைதோறும் அந்தக் கேசட் ஒலிக்கிறது. கணவர் பொருள் சொல்லுமுன் தாயார் தாமே அடுத்த சொல்லைச் சொல்லிவிடுகிறார் என்று மருமகள் கூறி மகிழ்கிறார்.

ஜினதர்மம் ஓங்குக!